ஒரு 'ஏன்' கேட்கச் சென்னை வரைக்கும்

"பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்பவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வரக்கூடாது. பூ வைக்கக்கூடாது. கைக்கு க்ரீம் தடவக்கூடாது."

மூன்று மாதத்துக்கு முன்னால் என் தம்பி செந்தில் அவனுடைய கம்பெனிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் இது. தமிழில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று. இரண்டிலும் கடைசியில் 'மீறினால் நடவடிக்கை' என்று இருந்தது.

ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவள் அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். "ஏஞ்சாமி, பூ என்ன பண்ணுச்சு உன்னை?" என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க வேற… உள்ள வாங்க, சொல்றேன்" என்றான். முகமே சரியில்லை.

செந்திலுக்குப் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. பச்சைக் குழந்தைகளுக்கு ரோம்பர் தைக்கிறான் — கை, கால், உடம்பு எல்லாம் ஒரே பீஸாக வருமே, அந்த உடுப்பு. எல்லாம் வெள்ளை. பளீர் வெள்ளை. செக்கிங் டேபிளைத் தாண்டும்போது பாலாட்டம் இருக்கும். பையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கப்பல் ஏறி, அங்கே போய்த் திறந்தால்… மடிப்பு மடிப்பாக மஞ்சள்.

சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் போட்டோ அனுப்பியிருந்தார். மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தார் — இன்னொரு தடவை இப்படி வந்தால் அடுத்த சீசன் ஆர்டரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு பையரை நம்பித்தான் செந்தில். செந்திலை நம்பி எண்பது பேர்.

"பக்கத்து கம்பெனிலயும் இதே நூலு, இதே சாயப்பட்டறை, இதே பாலி பேக்குங்க்கா. அவங்களுக்கு வெள்ளையாவேதான் இருக்குது. அப்புறம் என்ன வித்தியாசம்? கைதானுங்களே வேற?"

கை. அதாவது, மடித்துப் பையில் போடும் பதினோரு பெண்களின் கை.

லேபில் கொடுத்துப் பார்த்தாயா என்றேன். பார்த்திருக்கிறான். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினான். 'வெண்மை குறைவு' என்று இருந்தது. அது என் கண்ணுக்கே தெரியுதே! ஏன் குறைந்தது? அதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. லேபைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை பாஸா, ஃபெயிலா என்று சொல்வது. ஏன் என்று சொல்வது வேறு வேலை.

பேக்கிங் செக்‌ஷனின் பொறுப்பாளர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம் ஊர். பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூர். ஒரு ரோம்பரை மடித்துப் பையில் தள்ளி ஒட்டுவதற்குள் நமக்கு ஒரு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது — அவ்வளவு வேகம். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அக்கா, நாங்க என்ன அழுக்குக் கையோடயா வாறோம்? எங்க பிள்ளையளுக்குப் போடுத மாதிரி நெனச்சுத்தான இதயும் மடிக்கோம். இப்ப ஒரு நாளைக்கு ஆறு தடவ கையக் கழுவச் சொல்லுதாவ. மத்த செக்‌ஷன்காரவ எங்களப் பாத்துச் சிரிக்காவ."

அவள் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. ராணியுடைய இடம். ராணிக்கு உள்ளங்கை கொஞ்சம் அதிகமாக வேர்க்கும்… பிறவியிலேயே அப்படி. யாரோ அதைச் செந்தில் காதில் போட, அவன் அவளை நூல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டான். "எல்லாரும் என் கையையே பாக்குறாங்க" என்று இரண்டாம் நாள் நின்றுவிட்டாள்.

நின்றபிறகாவது மஞ்சள் போனதா? அவள் போனபின் கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். போகவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இதே பக்கத்தில், நம் மாநிலத்துக்கு உயர்தரப் பல்கலைக்கழகம் இன்னும் வேண்டுமா என்று ஒரு வாரம் எழுதினேன். வேண்டாம் என்று எழுதினேன். என்ன ஜோர் தெரியுமா! இந்த ஊரைக் கட்டியவர்களில் பாதிப் பேர் பத்தாவதையே தாண்டாதவர்கள், டிகிரியா பனியன் தைக்கிறது, இருக்கிற ஒன்றிரண்டு பெரிய இடங்கள் போதும், மார்க் இருக்கிற பிள்ளை சென்னைக்குப் போய்ப் படிக்கட்டும்… இப்படி. நிறையப் பேர் பாராட்டினார்கள்.

ஒருவர் மட்டும் திட்டினார். சென்னையில், பெயரைச் சொன்னால் நாடே அறியும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அவர். அந்த அம்மாவின் கடிதம் நாலே வரி. கடைசி வரி: 'ஒருநாள் எங்கள் லேபுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.'

போகவில்லை. எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் சென்னையில் ஒரு கிரகப்பிரவேசம். கிளம்பும்போதுதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. செந்திலிடம் ஒரு மஞ்சள் ரோம்பரை வாங்கிக்கொண்டேன். காலை ரயில், செகண்ட் சிட்டிங், ஜன்னல் சீட். உடுப்பு கசங்கிவிடக்கூடாதே என்று அதன் பிளாஸ்டிக் பையோடு ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை… ஒரு பகல் முழுக்க வெயிலில் ஆடிக்கொண்டே வந்தது அது.

அடுத்த நாள் பல்கலைக்கழகத்தில் அந்த அம்மா என்னைச் சிரித்துக்கொண்டே வரவேற்றார். திட்டவில்லை. நான் கதையைச் சொல்லி, ரோம்பரை எடுத்து டேபிளில் விரித்தேன்.

திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"எங்கே மஞ்சள்?"

நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு கையளவு இருந்த மஞ்சள், இப்போது இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. பொய் சொல்லிக்கொண்டு வந்தவள் மாதிரி முழித்தேன். "ஏனுங்க… சத்தியமா இருந்துச்சுங்க! நேத்து ரயில்ல மாட்டுறப்பக்கூட இருந்துச்சுங்க!"

மூலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினாள்.

"அம்மா, நீங்க திருப்பூருங்களா?"

கவிதா. ஆராய்ச்சி மாணவி. தாராபுரம் பக்கத்துப் பெண். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். பிளாஸ்டிக்கும் துணியும் ஒன்றோடொன்று சேரும்போது நிறம் ஏன் மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சியே! "தாராபுரத்துல பொறந்து, திருப்பூர்த் துணியப் பத்திப் படிக்க மெட்ராஸுக்கு வந்தேனுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ரயில்ல வெயில்பட மாட்டியிருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இது கறையே இல்லீங்க. எண்ணெய்க் கறை வெயில்ல போகாது. வேர்வை மஞ்சளும் போகாது. வெயில்பட்டதும் ஓடிப்போற மஞ்சள் ஒண்ணு இருக்குதுங்க… அதுக்குக் கை வேண்டாம்."

அதற்குக் கை வேண்டாம்! அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். பிளாஸ்டிக் பை சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். அது மெல்லத் துணிக்குள் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையாகவே இருக்கும். அதன்மேல் புகைக் காற்று பட்டால் போதும் (மெல்லிய பைக்குள்ளும் அது புகுந்துவிடும்), மஞ்சள். பை மட்டும் இருந்தால் வராது. புகை மட்டும் இருந்தாலும் வராது. இரண்டும் சேர வேண்டும்.

"பக்கத்து கம்பெனிக்கு வரல, உங்களுக்கு வருதுன்னா, பை அதே பை. உங்க இடத்துல மட்டும் எங்கியோ புகை இருக்குதுங்க."

உடனே செந்திலுக்குப் போன் போட்டோம். "புகையா? பேக்கிங் ரூம்ல பீடிகூட அனுமதி இல்லீங்க. ஆஸ்பத்திரியாட்டம் வெச்சிருக்கிறேன்" என்றான். கவிதா உதட்டைப் பிதுக்கினாள். "நேர்ல பாக்காம சொல்ல முடியாதுங்க" என்றாள்.

விடைபெறும்போது அந்தப் பேராசிரியரிடம் மெல்லக் கேட்டேன். "இந்த மாதிரி கேள்வியோட நிறையப் பேர் வருவாங்களா?"

"வர்றாங்க. சிவகாசியிலேர்ந்து வர்றாங்க, ராணிப்பேட்டையிலேர்ந்து வர்றாங்க. எங்ககிட்ட மெஷின் ஒண்ணு, ஆளுங்க ரெண்டு பேரு. ஆராய்ச்சியும் நடக்கணும், க்ளாஸும் எடுக்கணும். பாதிப் பேருக்கு 'அப்புறம் வாங்க'ன்னு சொல்லி அனுப்பறோம்" என்றார். "திருப்பியும் வர்றவங்க கம்மி. தூரம்தானே?"

இன்னும் நாலு பல்கலைக்கழகம் வந்தால் சரியாகிவிடுமா என்றேன்.

"பெயர்ப்பலகை நாலு வந்தா ஒண்ணும் ஆகாதுங்க. இருக்கற எத்தனையோ இடத்துல வாத்தியார் சீட்டே காலி. கட்டடம் ஒரு வருஷத்துல வந்துடும், ஒரு நல்ல லேப் உருவாகப் பத்து வருஷம் ஆகும். அந்தப் பத்து வருஷத்தை யாராவது இன்னைக்கு ஆரம்பிச்சாத்தானே?"

இதற்கு நான் ஏதாவது சாமர்த்தியமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். பத்தி எழுத்தாளர் அல்லவா? அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து நடந்தது அதிர்ஷ்டம். கவிதாவின் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா. ஒரு வாரம் லீவில் வந்தாள். வரும் வழியில் திருப்பூரில் இறங்கி, தோளில் பையோடு நேராகக் கம்பெனிக்கு வந்துவிட்டாள்.

செந்தில் அவளுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான். கட்டிங், தையல், அயர்னிங். அவள் ஒரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டே, இன்னொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். பேக்கிங் ரூமில் ஜன்னல் ஓரம் போய் நின்றாள். எட்டிக் கீழே பார்த்தாள்.

"அண்ணா, அது என்னதுங்க?"

"அதா… ஜெனரேட்டர். கரன்ட் போனா ஓட்டுவோம். போன மழைல பழைய ஷெட் ஒழுகுச்சுன்னு இங்க மாத்தி வெச்சோம்."

"எப்பங்க மாத்துனீங்க?"

செந்தில் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியது. ஜெனரேட்டரை மாற்றிய மாதமும் முதல் மஞ்சள் வந்த மாதமும் அடுத்தடுத்த மாதங்கள். அதன் புகைக்குழாய் சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கவிதா உள்ளே வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஸ்டெல்லா மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி, புகை வருது, தலை வலிக்குன்னு? ஜன்னலச் சாத்திக்கோன்னுட்டீய."

சாத்தினாலும் அந்த ஜன்னல் முழுசாகச் சேராது. அதையும் அவள்தான் காட்டினாள்.

ஆனால் கவிதா உடனே தீர்ப்பு சொல்லவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. "இது என் சந்தேகம்தானுங்க. பாத்துட்டுச் சொல்லலாம்" என்றாள். பத்து ரோம்பர் எடுக்கச் சொன்னாள். ஐந்து இந்த ஜன்னல் ஓரத்தில். ஐந்து செந்திலின் ஆபீஸ் ரூம் அலமாரியில். ஒரு வாரம். எல்லாம் அதே பையில்.

"பத்தையும் இந்த அக்காவே மடிக்கட்டும். ஒரே கை" என்று ஸ்டெல்லாவைக் காட்டினாள்.

ஸ்டெல்லா கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "தலைக்கு எண்ண வச்சிட்டு வந்து மடிக்கட்டுமா?"

கவிதாவுக்கு முதலில் புரியவில்லை. சுவரிலிருந்த நோட்டீஸைப் பார்த்ததும் புரிந்தது. "வெச்சுட்டு வாங்க. வழக்கமா எப்படி வருவீங்களோ அப்படியே… பூவும் வெச்சுக்குங்க" என்றாள்.

மறுநாள் ஸ்டெல்லா வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! எண்ணெய் வழியும் தலை, ஒரு முழம் மல்லிகை, கையெல்லாம் க்ரீம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்து பத்து ரோம்பரையும் நிதானமாக மடித்தாள்.

அந்த வாரம் பராமரிப்புக்காக ஒருநாள் பூரா கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் நன்றாகவே ஓடியது.

நோம்பி முடிந்து சென்னை திரும்பும் வழியில் கவிதா மறுபடி வந்தாள். நானும் போயிருந்தேன். பத்து பையையும் பிரித்து டேபிளில் வரிசையாக வைத்தார்கள். ஆபீஸ் ரூமில் இருந்த ஐந்தும் பால். ஜன்னல் ஓரத்து ஐந்தும் மடிப்பு மடிப்பாக மஞ்சள்.

ஸ்டெல்லா தன் இரண்டு உள்ளங்கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

செந்தில் எழுந்து போய் நோட்டீஸைக் கிழித்தான். இரண்டு பாஷையையும். டீ வரும் நேரத்தில் பேக்கிங் பெண்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தான். அவன் மேடையில் பேசுகிறவன் இல்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"தப்பு உங்க கையில இல்லீங்க. நான் வெச்ச ஜெனரேட்டர்ல இருந்துச்சுங்க. எனக்குத் தெரியலீங்க… தெரியலைன்னு சொல்லாம உங்களச் சொல்லிட்டனுங்க. மன்னிச்சுக்குங்க."

அப்புறம் ஸ்டெல்லா சொன்னாள்: "சரி அண்ணாச்சி, டீ ஆறுது. குடிங்க." இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "ராணி வீட்டுக்கு எப்பப் போறீய?" என்றாள்.

அன்று சாயங்காலமே போனான். நானும் கூடப் போனேன். ராணி வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாள், அங்கேயும் பேக்கிங்தான். செந்தில் சொன்னதை எல்லாம் வாசல்படியில் நின்றே கேட்டாள். "திரும்பி வர்றதில்லீங்க. அங்கயே நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு, "ஊடு தேடி வந்து சொன்னீங்களே, அது போதுமுங்க. உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றாள்.

காப்பி நன்றாக இருந்தது. செந்தில் மட்டும் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

புகைக்குழாயை உயர்த்திக் கூரைக்கு மேலே கொண்டுபோனார்கள். ஜன்னலுக்குப் புதுக் கதவு. அடுத்த ஷிப்மென்ட் போய், பெட்டியைத் திறந்து பார்த்து, பையர் ஒரு வரி அனுப்பியிருக்கிறார் — 'மிக நன்று.' அடுத்த சீசன் ஆர்டர் உறுதியாகிவிட்டது. தையல் மெஷின் சத்தத்தில் பழைய உற்சாகம் தெரிகிறது… அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

ஆனாலும் மனசில் ஒன்று உறுத்துகிறது. கவிதாவின் ஊர் தாராபுரமாக இல்லாமல் இருந்திருந்தால்? நோம்பி ஆறு மாதம் தள்ளி வந்திருந்தால்? எனக்கு அந்தக் கிரகப்பிரவேச அழைப்பு வராமலே போயிருந்தால்?

ராணிக்கு அடுத்து இன்னொருத்தி நின்றிருப்பாள். அப்புறம் ஸ்டெல்லா. செந்தில் கெட்டவன் இல்லை, என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு 'ஏன்' என்று தெரியவில்லை. ஏன் என்று தெரியாத இடத்தில் நாம் எல்லோரும் 'யார்' என்றுதான் கேட்கிறோம். அப்படிக் கேட்கும்போது கை நீளுவது எப்போதும் கீழே இருக்கிறவர்கள் பக்கம்தான்.

இவ்வளவு பெரிய மாநிலம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக ஒரு பகல் போதாது. ஊருக்கு ஊர் வேறு தொழில், வேறு மண், வேறு சிக்கல். எல்லா 'ஏன்'களும் ஒரே ஊருக்கு ரயிலேறிப் போய்த்தான் பதில் வாங்கி வரவேண்டுமா? உயர்தரப் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளைகள் ரேங்க் வாங்கிச் சேருகிற இடம் என்று மட்டும் நினைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் ஜன்னலை எட்டிப் பார்க்கிற ஓர் ஆள் பக்கத்திலேயே இருப்பது என்று அதற்கு இன்னோர் அர்த்தம் இருக்கிறது. 'வேண்டாம்' என்று எழுதிய அதே பேனாவால் எழுதுகிறேன்: வேண்டும். இருப்பதையும் நிரப்ப வேண்டும், புதிதாகவும் வேண்டும், அதில் ஒன்று எங்கள் பக்கம் வேண்டும்.

போன வாரம் நம் ஊர்க்காரர்கள் சிலர் இதே கோரிக்கையோடு ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் போட்டேன், செந்தில் போட்டான். ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் சும்மா போட்டுவிடவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

"அக்கா, இதுல எங்கள உள்ள விடுவாவளா?"

"உன் பிள்ளைங்க படிக்கலாமே ஸ்டெல்லா" என்றேன்.

"பிள்ளைய படிக்கது அதுவ மார்க்கப் பொறுத்தது. நான் அதக் கேக்கல. எனக்கு ஒரு சந்தேகம் வருது, கேக்கணும்னு போறேன்… வாசல்ல வாட்ச்மேன் விடுவானா?"

அவளே பேனாவை வாங்கினாள். மனுவின் அடியில், இருந்த கொஞ்ச இடத்தில், குனிந்து எழுதினாள்: 'கேட்க வருகிறவர்களுக்குக் கேட் திறந்திருக்க வேண்டும்.' அதற்குக் கீழே கையெழுத்து.

மனு கொண்டுவந்தவர் பதறிப்போனார். "என்னங்க இது, மேல அனுப்புற மனுவுல திருத்தம் எல்லாம் பண்ணக்கூடாதுங்க!"

திருத்தம் இல்லீங்க, அதுதானுங்க மனுவே என்றேன்.